கடலூரில் சீவிய ஒரு நூல்

சிதம்பரத்திலிருந்து கடலூருக்குப் போவதை யாரும் பயணம் என்று சொல்ல மாட்டார்கள். பஸ்ஸில் ஏறி ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் முதுநகர் வந்துவிடும். ஆனால் நான் போர்ட் பிளேரில் பிறந்து வளர்ந்தவன். எனக்கு இந்தக் கரை முழுவதுமே வெளிநாடுதான். ஊரே வீடு திரும்பும் தீபாவளி வாரத்தில், கையில் ஒரு ஆக்சிலோடு, அதாவது சக்கரம் மாட்டும் இரும்புத் தண்டோடு, இந்த வெளிநாட்டில் மூன்று நாள் அலைந்ததைப் பயணம் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

சிதம்பரத்தில் இன்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்த நாங்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரு வண்டி கட்டிக்கொண்டிருந்தோம். மாணவர்கள் தாங்களே வடிவமைத்த வண்டிகளை மேட்டிலும் பள்ளத்திலும் ஓட்டிக் காட்டும் போட்டி ஒன்று வடக்கே நடக்கும். அதற்காகத்தான். ஒற்றை ஆள் உட்காரும் வண்டி, சுற்றிலும் குழாயால் ஆன கூடு. வகுப்பில் புரியாத பல விஷயங்கள் அந்தக் கூட்டுக்குள் தலையை விட்டபோது புரிந்தன. முதலில் பிளம்பர் போடும் பிளாஸ்டிக் குழாயில் ஒரு மாதிரி செய்து பார்த்தோம். கம்ப்யூட்டரில் அழகாக உட்கார்ந்திருந்த ஓட்டுநருக்கு முழங்கால் என்ற ஒன்று உண்டு என்பதை நாங்கள் மறந்துபோனது அப்போதுதான் தெரிந்தது. எங்களில் ஒருவனான பிரகாஷ் உள்ளே ஏறி ஸ்டீயரிங்கைத் திருப்பினான். அது அவன் தொடையில் இடித்து நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து வரைந்தோம்.

நான் அந்த ஆறில் ஒருவன் என்று சொல்லிக்கொள்கிறேனே தவிர, உள்ளபடி ஐந்து பேரும் நானும் என்றுதான் சொல்ல வேண்டும். காரணம் ஒரே ஒரு சொல்.

என் அப்பா போர்ட் பிளேரில் மீன்பிடிப் படகுகளுக்கு இன்ஜின் பழுது பார்ப்பவர். அவரோடு வேலை செய்கிறவர்கள் வங்காளி, தெலுங்கர், ராஞ்சிக்காரர் என்று பலர். எல்லோருக்கும் பொது இந்திதான். அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கை அங்கே 'சூத்' என்பார்கள். ஒரு சூத், ரெண்டு சூத் என்று கேட்டே வளர்ந்தவன் நான். டீமில் சேர்ந்த முதல் வாரம், குழாய் அறுக்கும்போது நல்ல பிள்ளையாக, "ரெண்டு சூத் ஜாஸ்தியா இருக்கு" என்றேன். தமிழ்க் காதுக்கு அது என்னவாகக் கேட்கும் என்பதை நான் எழுதத் தேவையில்லை. பிரகாஷ் தரையில் உருண்டே சிரித்தான். அன்று முதல் வெளியே எனக்கு 'அந்தமான்' என்று பெயர், வண்டி கட்டும் ஷெட்டுக்குள் வேறு பெயர். அதற்குப் பிறகு நான் அளவு பற்றி வாயே திறக்கவில்லை. பெருக்குவது, டீ வாங்கி வருவது, குழாய் முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பது, இவைதான் என் வேலைகள்.

எங்கள் கேப்டன் செந்தில், மங்கலம்பேட்டைக்காரன். போட்டிக்கு எல்லோரையும் அழைத்துப் போக முடியாது என்று முன்பே சொல்லிவிட்டான். "அங்க செக் பண்றவங்க யாரை வேணா கேப்பாங்க, நீ வண்டியில இன்னா பண்ணன்னு. பதில் சொல்லத் தெரிஞ்சவன் வரட்டும்." எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. டீ வாங்கினேன் என்று இந்தியில் சொல்லலாம், அவ்வளவுதான்.

அதனால்தான் அவன் தீபாவளி லீவுக்குக் கிளம்பிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து ஆக்சிலை என் கையில் கொடுத்தபோது எனக்கு உள்ளூர மகிழ்ச்சி.

"மச்சான், இதோட நுனி வீல் மூடியில ஒரசுது. துளியூண்டு சீவணும். காலேஜ் லேத்தைப் பூட்டிட்டாங்க, இங்க டவுன்லயும் தீபாவளிக்குச் சாத்திட்டாங்க. முதுநகர்ல அருள்ராஜ்னு ஒருத்தர் லேத்து வெச்சிருக்காரு. வேதக்காரரு, சர்ச்சுக்குப் போறவரு, தொறந்திருப்பாரு. நீதான் ஊருக்குப் போகலயே, முடிச்சு வெச்சிரு. முடிச்சிட்டா நீயும் வர்ற."

லீவு ஐந்து நாள். சென்னையிலிருந்து கப்பல் போர்ட் பிளேர் போய்ச் சேரவே மூன்று நாள் ஆகும். ஊருக்குப் போகலயே என்று அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்குத்தான் சுருக்கென்றது.

மறுநாள் விடுதி வராந்தாவில் என் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. மெஸ்ஸை மூடிவிட்டார்கள். கீழவீதியில் இட்லியும் கத்தரிக்காய் கொத்சும் சாப்பிட்டேன். இந்த ஊரில் எனக்கு முதலில் பிடித்துப்போனது கொத்சுதான்; அதற்குப் பிறகு நீண்ட நாள் வேறெதுவும் பிடிக்கவில்லை. ஆக்சிலை ஒரு பழைய லுங்கியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். ரயில் இல்லாத காலம் அது. சின்னப் பாதையைப் பெயர்த்துவிட்டுப் பெரிய பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லா ரயில் கூட்டமும் பஸ்ஸில் இருந்தது, எல்லார் கையிலும் புதுத்துணிப் பை.

"இன்னா தம்பி அது, கடப்பாரையா?" என்றார் கண்டக்டர்.

"ஆக்சில்ண்ணே."

"எங்க வண்டிக்கே அது ஆட்டம் கண்டுதான் கெடக்குது. இங்கயே குடுத்துட்டுப் போ."

பஸ் சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். என்னைப் பார்த்துச் சிரிக்கிற கூட்டத்தில் சேர்ந்து சிரிக்க அதற்குள் பழகியிருந்தேன்.

அருள்ராஜின் பட்டறை துறைமுகத்துக்குப் போகும் தெருவில் இருந்தது. வாசலெல்லாம் படகுகளின் புரொப்பெல்லர் தண்டுகள். மீனும் கிரீசும் கலந்த அந்த வாசனை அப்பாவின் பட்டறை வாசனையேதான். அருள்ராஜுக்கு முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். அவசரக்காரர். மெஷினை நிறுத்தாமலே பேசினார்.

"எவ்ளோ எடுக்கணும்?"

துளியூண்டு என்று சொல்ல வந்தேன். ஒரு பட்டறையில் நின்று அப்படிச் சொன்னால் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்குமே என்று தோன்றியது. நூலிழையில் தப்பினான் என்று பேப்பரில் போடுகிறார்களே, அது நினைவுக்கு வந்தது. கொஞ்சம் கெத்தாகவே சொன்னேன்:

"ஒரு நூல் எடுத்தா போதும்ண்ணே."

அவர் ஆக்சிலின் நுனியை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். "ஒரு நூலா?"

"ஆமாண்ணே. ஒரே ஒரு நூல்."

"சரி, சாப்ட்டு வா."

பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. சங்கரா மீன் குழம்பு, நெத்திலி வறுவல். எங்கள் ஊர்க் குழம்பில் தேங்காய் தூக்கலாக இருக்கும், இங்கே புளிதான் ராஜா. பரிமாறிய அம்மாள் எந்த ஊர் என்று கேட்டார். அந்தமான் என்றேன்.

"ஜெயிலு இருக்குமே, அங்கியா? அங்க நம்ம ஆளுங்க கீறாங்களா?"

"நெறைய பேர் இருக்காங்கம்மா."

"அங்கயும் அலை வந்துச்சாமே?"

"வந்துச்சும்மா. எங்க தெரு வரைக்கும்."

அவர் உள்ளே போய் இன்னொரு துண்டு மீன் கொண்டுவந்து இலையில் வைத்துவிட்டுப் போனார்.

திரும்பி வந்தபோது வேலை முடிந்திருந்தது. அருள்ராஜ் அடுத்த வேலையில் குனிந்திருந்தார். ஆக்சிலை லுங்கியில் சுற்றிக்கொண்டு, ஒரு காரியத்தை முடித்தவனின் நடையோடு பஸ் ஏறினேன். புதுச்சத்திரம் தாண்டும்வரை ஜன்னல் வழியாகப் பார்த்தபடி, போட்டிக்காக வடக்கே போகப்போகும் ரயிலைப் பற்றியே யோசித்துக்கொண்டு வந்தேன்.

சாயங்காலம் ஷெட்டைத் திறந்து ஆக்சிலை மாட்டினேன். ஆக்சிலின் நுனிக்குச் சற்று உள்ளே சுற்றிலும் ஒரு காடி, சின்னப் பள்ளம், வெட்டியிருக்கும். அதில் ஒரு எஃகு வளையம் கவ்விக்கொள்ளும். அந்த வளையம்தான் சக்கரத்தின் நடுக்கட்டையை, அதாவது ஹப்பை, வெளியே ஓடிவிடாமல் பிடிக்கிறது. வளையத்தைப் போட்டு ஹப்பை இலேசாக இழுத்தேன். டிங் என்று வளையம் பறந்து சுவரில் அடித்தது. குனிந்து பார்த்தேன். காடிக்கு வெளியே இருந்த இரும்பு முழுக்கச் சீவப்பட்டு, தகரம் போல ஒரு விளிம்பு மட்டும் மிச்சமிருந்தது. அதுவும் ஒரு பக்கம் உடைந்துவிட்டது.

பூத்துக்குப் போய்ச் செந்திலின் எண்ணை அழுத்தினேன். மணி அடிப்பதற்குள் ரிசீவரை வைத்துவிட்டேன். சொன்னால் அவன் திட்ட மாட்டான். "சரி விடுடா, நாங்க வந்து பாத்துக்கறோம்" என்பான். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

இரண்டாம் நாள் விடியும்போதே மழை. ஆக்சிலோடு ஹப்பையும் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். அருள்ராஜுடன் என்ன சண்டை போடுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். ஆலப்பாக்கத்துக்கு முன்னால் ரோட்டில் தண்ணீர் ஓடியது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு பீடி பற்றவைத்தார். எங்கள் ஊரில் தண்ணீர் வந்தால் பஸ்ஸையே படகில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோவார்கள். இங்கே காத்திருக்கிறார்கள். டீக்கடையில் ஒதுங்கி நின்றவர்கள் ஒருவருக்கொருவர் அறிமுகமே இல்லாமல் குடும்பக் கதை பேசினார்கள். நான் சாக்கை அணைத்துக்கொண்டு நின்றேன். ஒருத்தர் என்னிடம் "வெல்லமா தம்பி?" என்று கேட்டார். இரும்பு என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைசியில் வாழைக்கன்று ஏற்றி வந்த ஒரு மினி லாரியில் இடம் கிடைத்தது. தலையில் வாழை இலை சொட்டச் சொட்ட முதுநகர் போய்ச் சேர்ந்தேன்.

ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய், வாசலிலேயே கத்தினேன். "இன்னாண்ணே இப்பிடிப் பண்ணிட்டீங்க!"

அருள்ராஜுக்கு என்னைவிட அதிகமாகக் கோபம் வந்தது. "நான் இன்னா பண்ணேன்? நீதான ஒரு நூல்னு சொன்ன? ரெண்டு தபா கேட்டேனா இல்லியா?"

"ஒரு நூல்னா இவ்ளோவா? நூல்னா நூல் மாதிரி, துளியூண்டுண்ணே!"

"துளியூண்டுன்னா துளியூண்டுன்னு சொல்லணும்! காடி கிட்ட வருதேன்னு எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. காலேஜ் பசங்க, எதுனா கணக்குப் போட்டிருப்பானுங்கன்னு விட்டுட்டேன்." அவர் மேசையிலிருந்து இரும்பு ஸ்கேலைப் பிடுங்கி என் மூக்குக்கு நேரே நீட்டினார். "இது ஒரு அங்குலம். இதுல எட்டு நூல். தோ, இது ஒண்ணு."

அவருடைய கறுத்த நகம் அந்தக் கோட்டின் மேல் இருந்தது. அப்பாவின் நகமும் சரியாக அதே கோட்டில்தான் இருக்கும். என்னையறியாமல் வாயில் வந்துவிட்டது.

"சூத்!"

சொன்ன பிறகுதான் எங்கே நிற்கிறேன் என்பது உறைத்தது. அடி விழும் என்றே நினைத்தேன். அருள்ராஜ் ஸ்கேலைத் தாழ்த்தினார்.

"ஆமா, சூத்துதான். அதான்பா நூலு. உனக்கு எப்பிடித் தெரியும்?"

அவர் குஜராத் பக்கம் படகு கட்டுமிடத்தில் நான்கு வருடம் இருந்தவராம். "மொத நாளு மேஸ்திரி 'தோ சூத் நிகாலோ', அதாவது ரெண்டு எடுன்னாரு. எனக்குச் சிரிப்பு தாங்கல. அங்க தமிழ் ஆளு நான் ஒருத்தன்தான். எவங்கிட்டச் சொல்லிச் சிரிக்கிறது? ஒண்டியா கடலைப் பாத்து சிரிச்சினு இருந்தேன்."

நாலு பேர் சிரிக்க நடுவில் ஒருவன் நின்றதையும், சிரிக்கத் துணையில்லாமல் ஒருவன் நின்றதையும் நினைத்துக்கொண்டேன். சாக்கை அவிழ்த்து ஹப்பை வைத்தேன். இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். பழைய காடிக்கு ஒரு நூல் உள்ளே புதுக் காடி வெட்டலாம். அப்படிச் செய்தால் ஹப்புக்கு இடம் போதாது, அதனால் ஹப்பின் முகத்திலும் ஒரு நூல் சீவ வேண்டும். நான்தான் அதை முதலில் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவரிடம் கேட்டால் அவர்தான் சொன்னார் என்பார்.

"இப்ப மெஷின்ல படகு வேலை ஏறியிருக்குது. ரெண்டையும் வெச்சிட்டு நாளைக்கு வா."

"நாளைக்குத் தீபாவளிண்ணே."

"வீட்டுக்குப் போறியா?"

"இல்ல."

"அப்புறம் இன்னா, வா."

தீபாவளியன்று காலை ஊரில் வெடிச் சத்தம் கேட்டுத்தான் எழுந்தேன். எண்ணெய் தேய்த்துவிட ஆளில்லை, தேய்த்துக்கொள்ள மனமுமில்லை. துவைத்த சட்டை ஒன்று இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். வீதியெல்லாம் ஈரக் காகிதக் குப்பை. பஸ்ஸில் நானும் இன்னும் இரண்டு பேரும். அதே கண்டக்டர், காக்கிக்கு உள்ளே போட்டிருந்த புதுச்சட்டையின் காலரில் மஞ்சள் வைத்திருந்தார்.

"இன்னைக்குக் கடப்பாரை இல்லையா?"

"கடலூர்ல இருக்குண்ணே."

என் சட்டைக் காலரை ஒருமுறை பார்த்துவிட்டு, அவர் பையிலிருந்து முறுக்கு எடுத்துக் கொடுத்தார். அதைக் கடித்துக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண் கலங்கியதை யாரும் பார்க்கவில்லை, இருந்த இரண்டு பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

அருள்ராஜ் என்னையே கோடு போடச் சொன்னார். ஸ்கேலை வைத்து, எழுத்தாணியால் இரும்பில் கீறினேன்.

"எவ்ளோ?"

"ஒரு சூத்."

"ஒரு நூல்?"

"ஒரு நூல்."

"இப்ப சரி" என்று மெஷினைப் போட்டார். சுருள் சுருளாக இரும்பு உரிந்து விழுந்தது. ஒரு வண்டியில் ஒன்றைத் தொட்டால் பக்கத்திலிருப்பது நகர்கிறது, அதைச் சரிசெய்தால் அதற்கடுத்தது நகர்கிறது. வகுப்பில் எத்தனையோ முறை கேட்டதுதான். அன்றைக்குத்தான் அது என் கைக்குள் வந்தது. அருள்ராஜின் மனைவி ஸ்டெல்லா ஒரு தட்டில் அதிரசமும் சுழியனும் கொண்டுவந்து வைத்தார். "எதிர் வீட்டுல குடுத்தாங்க தம்பி. உங்க பண்டிகைப் பலகாரந்தான், நீயே சாப்புடு."

அங்கிருந்து வெளியே வந்து அப்பாவுக்குப் போன் செய்தேன். நான் பேசுவது அங்கே போய்ச் சேரவும், அவர் பேசுவது இங்கே வரவும் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்பா."

"யார் கூட இருக்க?"

"ஃபிரெண்ட்ஸ் கூட."

அவர் நம்பினாரா தெரியவில்லை. பின்னால் அம்மா கேட்பதும் அதே கேள்விதான். மறுபடி அதையே சொன்னேன்.

ஷெட்டுக்குத் திரும்பி மாட்டினேன். வளையம் டக் என்று காடியில் உட்கார்ந்தது. இழுத்தேன், வரவில்லை. காலை முட்டுக்கொடுத்து இழுத்தேன், அப்போதும் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன், காட்ட யாரும் இல்லை. சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு, நிற்கும்வரை பார்த்தேன். நின்றதும் மறுபடி சுற்றினேன். இத்தனை நாளில் அவ்வளவு தனிமையாக நான் உணர்ந்ததே இல்லை. அவ்வளவு கர்வமாகவும் உணர்ந்ததில்லை.

லீவு முடிந்து எல்லோரும் பலகாரப் பொட்டலங்களோடு வந்தார்கள். செந்தில் நேரே சக்கரத்திடம் போனான். கழற்றிப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினான்.

"இன்னா மச்சான், இந்தப் பக்கம் ஹப்பு ஒல்லியா இருக்கு?"

நடந்ததைச் சொன்னேன். ஒரு நூல், ஒரு சூத், இரண்டையும் சொன்னேன். பிரகாஷ் வழக்கம்போல ஆரம்பித்தான். செந்தில் மட்டும் சிரிக்காமல் ஹப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சக்கரத்தை மாட்டி, இரண்டு பேரை ஏறி நின்று குதிக்கச் சொன்னான். வளையம் அசையவில்லை.

"நீ வா" என்றான். "அங்க எவனாவது இதைக் கேட்டா நீதான் பதில் சொல்லணும்."

கேட்டார்கள். போட்டித் திடலில் வண்டிகளைச் சோதித்தவர் மீசை நரைத்த மனிதர். எங்கள் வண்டியைச் சுற்றி வந்து, சரியாக அந்தச் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்தார். இந்தப் பக்கம் ஏன் மெலிந்திருக்கிறது என்று இந்தியில் கேட்டார். செந்தில் ஆங்கிலத்தில் ஏதோ தொடங்கினான். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு மறுபடி இந்தியிலேயே கேட்டார். செந்தில் என் முதுகில் கைவைத்து முன்னால் தள்ளினான்.

ஆக்சில் நீளம், காடி, ஹப்பின் முகம் என்று ஒவ்வொன்றாக இந்தியில் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே வந்தார்.

"சரி. எவ்வளவு எடுத்தீர்கள்?"

"ஏக் சூத், சார்."

பின்னால் பிரகாஷ் இருமினான்.

"ஒரே ஒரு சூத்தா?" அவர் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு தூரத்தில் சிட்டையோடு நின்ற உதவியாளரை நோக்கித் திடலே கேட்கும்படி கத்தினார்: "ஏக் சூத்!"

அவ்வளவுதான். பிரகாஷ் வண்டிக் குழாயைக் கட்டிக்கொண்டு சரிந்தான். மற்றவர்கள் முகத்தை எங்கேயோ திருப்பிக்கொண்டு குலுங்கினார்கள். எங்கள் கேப்டன், சிரிக்கவே சிரிக்காத செந்தில், டயருக்குப் பின்னால் மண்டிபோட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான், எனக்கும் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

அவர் டயரில் சாக்பீஸால் சரி என்று ஒரு கோடு இழுத்துவிட்டு எழுந்தார். இவர்கள் எல்லாம் ஏன் இப்படிச் சிரிக்கிறார்கள் என்று என்னைக் கேட்டார். எனக்கு நன்றாக இந்தி தெரியும். ஆனாலும் என்ன முயன்றும் அதை மட்டும் அவருக்குச் சொல்ல என்னால் முடியவில்லை. நானும் அவர்களோடு சிரித்துக்கொண்டிருந்தேன்.